கிளெமெந்தினாவுக்கு ஒரு வாய்

என் வாயைப் பற்றி, மலைமேல் இருக்கிற எங்கள் எல் ஆல்டோ நகரத்தில் மினிபஸ் ஓட்டுகிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சேஹா முச்சந்திக்குப் போகிற வண்டியின் கதவில் தொங்கிக்கொண்டு, "சேஹா, சேஹா, சேஹா! ஏறு, ஏறு!" என்று வருடக்கணக்கில் கூவினவள் நான். இரண்டு தெரு தள்ளிப் படுத்திருக்கிற நாய் என் சத்தத்துக்கு எழுந்து ஓடும். அந்தக் கூலியில்தான் சாயங்காலக் கல்லூரிக்குப் போய்க் கணக்கு படித்தேன். எவுலாலியா தார்க்கி என்று அம்மா ஆசையாக வைத்த பெயரை ஒருத்தரும் முழுசாகச் சொன்னதில்லை. ஊருக்கே நான் லாலா அக்கா.

பிள்ளைவீட்டில் நிர்வாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டாக்டர் நினோஸ்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "லாலா அக்கா, இங்க பயந்த பிள்ளைங்க வருது. கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்," என்றாள். நான் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொன்னேன். உள் அறையில் ஒரு பிள்ளை சிரித்தது. "அது ரெண்டு மாசமா சிரிக்கலை," என்றாள் டாக்டர். அதற்கப்புறம் என் சத்தத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை.

பிள்ளைவீடு என்றால் படுக்கை போட்ட ஆஸ்பத்திரி இல்லை. பயம் பிடித்த பிள்ளை, தூக்கம் தொலைத்த பிள்ளை, தன்னைத் தானே கிள்ளிக் காயப்படுத்திக்கொள்கிற பிள்ளை, இவர்களெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வருவார்கள். வராதவர்களைத் தேடி நாங்கள் போவோம். சந்தைக் கடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டே பிள்ளையைப் பார்ப்போம். சம்பளமும் வாடகையும் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை கொடுத்தது. அந்த வருடத்தோடு நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். கொடுக்கும்போது அதற்கு அன்பு என்று பெயர். நிறுத்தும்போது நிலைத்தன்மை என்று பெயர்.

நகராட்சியில் அதிகாரி பாஸ்கோபே கொஞ்சம் இரக்கக்காரர். "பாதியை நீங்க காட்டுங்க, மீதிப் பாதியை நாங்க போட்டுடறோம். ஆனா ஒருதரம் வந்துட்டுப் போற காசு கதைக்கு ஆகாது. மாசா மாசம் வரணும். நிக்கிற வரவா இருக்கணும்," என்றார்.

நிற்கிற வரவுக்கு எங்கே போவது? தெருவில் விருந்து போட்டு, பன்றிப் பொரியலும் சூப்பும் விற்றுப் பார்த்தோம். வந்து தின்றதெல்லாம் எங்கள் ஊழியர்களும் ஊழியர்களின் கொழுந்தன்மார்களும்தான். எங்கள் காசை நாங்களே தின்றுவிட்டுப் பாத்திரம் கழுவினோம். நடன நிகழ்ச்சி வைத்தோம், ஆலங்கட்டி மழை கொட்டியது. மருந்துக்கடைக்காரர்களிடம் கையேந்தினேன், காலாவதியான சத்து மாத்திரையை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அந்தக் கடை வாசலிலேயே கொட்டிவிட்டு வந்தேன்.

வீடு மூடினால் எல்லாப் பிள்ளைக்கும் நஷ்டம்தான். ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது லிஸ்பெத். ஒன்பது வயது. தையல் வேலைக்கென்று புவெனஸ் ஐரஸ் போன அப்பாவிடமிருந்து தகவல் நின்றது, இவளுடைய பேச்சும் நின்றது. அம்மா ப்ரிமித்திவா மேம்பாலத்தடியில் சூடான ஊதாச்சோளக் கஞ்சி விற்கிறவள். பிள்ளையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வந்தாள். முதலில் ஒரு முனகல். அப்புறம் ஏதோ ஒரு ராகம். ஒருநாள் கஞ்சி கலக்கும்போது அம்மா, "சக்கரை போடட்டுமா கண்ணு?" என்று கேட்டதற்கு, "ம்," என்றாள். அந்த ஒரு 'ம்'முக்காக ப்ரிமித்திவா வீடு முழுக்க எல்லோருக்கும் பூரி பொரித்துக் கொண்டுவந்தாள். இந்த வீட்டை விட்டால் அடுத்தது, ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் இருக்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரிதான். கடையை விட்டுவிட்டு அவளால் வாராவாரம் எப்படிப் போக முடியும்? வீடு மூடிய நாளோடு அந்த 'ம்'மும் மூடிக்கொள்ளும். எனக்கு அது தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஃபோர்த்துனாத்தா வந்தாள். சால்வை மொத்த வியாபாரி. பச்சையும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிக்கிற கல்யாண மண்டபத்துக்குச் சொந்தக்காரி. வட்டத் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்து, முதுகில் கட்டியிருந்த மூட்டையை இறக்கி மேசைமேல் வைத்தாள்.

"வரவு தேடி அலையறீங்கன்னு சந்தையெல்லாம் பேச்சு. நான் ஒரு வரவு கொண்டாந்திருக்கேன்," என்றாள்.

மூட்டையை அவிழ்த்தால் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ரோஜா நிறக் கம்பளிக் குல்லாவும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒரு மண்டையோடு.

எங்கள் பக்கம் இதைப் பார்த்து யாரும் அலறமாட்டார்கள். என் சித்தி வீட்டில் இரண்டு இருந்தன. கேட்பாரற்ற பழைய கல்லறைகளிலிருந்து வருகிறவர்கள் இவர்கள். வீட்டைக் காப்பார்கள், திருடனைக் காட்டிக்கொடுப்பார்கள், பதிலுக்குப் பூவும் கோக்கா இலையும் சிகரெட்டும் கேட்பார்கள். மூக்கு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாததால் செல்லமாகச் சப்பைமூக்கி என்போம். திங்கட்கிழமை அவர்களுடைய நாள்.

"இவ பேரு கிளெமெந்தினா. திங்கக்கெழம ஆனா என் வீட்டு வாசல்ல கூட்டம் தாங்காது. வர்றவங்க உண்டியல்ல போடாமப் போகமாட்டாங்க. எம் மகன் இப்ப வேற சபைக்குப் போறான். 'அவ இருந்தா நான் இருக்கமாட்டேன்'னு நிக்கிறான். நல்ல எடமாப் பாத்துக் குடுக்கணும்னு இருந்தேன்," என்றாள் ஃபோர்த்துனாத்தா.

டாக்டர் நினோஸ்கா கீழே லா பாஸ் நகரத்துப் பெண். முகத்தைச் சுளித்தாள். "லாலா அக்கா, இது பிள்ளைங்க வர்ற எடம்."

"டாக்டர், வர்ற பிள்ளைங்க வீட்ல பாதிக்கு மேல சப்பைமூக்கி இருக்கு. நம்ம வீட்லதான் இல்ல. அதான் இந்தத் தரித்திரம்," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். வருடக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. சிரிக்காமல் என்ன செய்வாள், பாவம்.

முறைப்படி வரவேற்க வேண்டுமே. கோக்கா இலை தூவி, சாராயம் தெளித்து, சமையல்காரி முதல் டாக்டர் வரை வரிசையாக நின்று எல்லோரும் சொன்னோம்: "எங்க வீடு உன் வீடு, எங்க பிள்ளைங்க உன் பிள்ளைங்க." எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். மற்ற வீடுகளில் அவரவர் பெற்ற பிள்ளைகளைச் சொல்வார்கள். நாங்கள் ஊரார் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறவர்கள். அந்த நேரத்தில் அது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ஃபோர்த்துனாத்தா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தொப்பியைச் சரிசெய்தாள்.

முதல் திங்கட்கிழமை வாசல் அறையில் நல்ல கூட்டம். மெழுகுவர்த்திப் புகையில் கண் எரிந்தது. துணிக்கடைக்காரி ஒருத்தி பெட்டிக்கு முன்னால் மண்டிபோட்டு, காணாமல்போன சரக்கைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்போது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒன் மருமகன் கிட்டங்கியில போய்ப் பாரு."

குனிந்து பார்த்தேன். லிஸ்பெத் சம்மணம்போட்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது உள்ளே வந்தாளோ தெரியாது. உதடு அசைந்தது, அவள் உதடுதான். ஆனால் குரல் பிள்ளைக் குரலாக இல்லை. ஒரே கேள்வியைக் காலங்காலமாகக் கேட்டுச் சலித்துப்போன ஆளின் குரல். வறண்டு, நிதானமாக, தெளிவாக இருந்தது.

எங்களுக்கு அதெல்லாமா காதில் விழும்? பிள்ளை பேசிவிட்டாள்! நான் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. டாக்டர் அழுதாள். ஆளனுப்பி ப்ரிமித்திவாவைக் கூட்டிவந்தோம். கையில் கரண்டியோடே ஓடிவந்தாள். "என் ராசாத்தி, என்னைக் கூப்பிடு, ஒரே ஒரு தடவை அம்மான்னு சொல்லு," என்று மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். லிஸ்பெத் அவளைப் பார்த்தாள். யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அடுத்த ஆள் பெட்டிக்கு முன்னால் வந்து கேள்வி கேட்டதும் அந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொன்னாள்.

துணிக்கடைக்காரியின் சரக்கு மருமகனின் கிட்டங்கியில் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான், ஊர் தாங்கவில்லை. அடுத்த திங்கள் வரிசை தெருமுனையைத் தாண்டியது, அதற்கடுத்த திங்கள் தேவாலயத்தைத் தாண்டியது. மினிபஸ்காரர்கள், தங்கம் விற்கிறவர்கள், தேர்தலில் நிற்கிறவர்கள் எல்லோரும் வந்தார்கள். அதிகாரி பாஸ்கோபே பரிசோதனைக்கென்று வந்தவர், வரிசையில் நின்று தன் இடமாற்றத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார். "இதுல்ல வரவு! மூணு மாசம் இப்படியே ஓடட்டும், கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார். வாடகை வந்தது, சம்பளம் வந்தது. நான் எழுதிவைத்திருந்த நிதித் திட்டம் முதல்முறையாகப் பொய்யில்லாமல் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமைகள் சரியில்லை.

முதலில் ராகம் நின்றது. அப்புறம் முனகலும் நின்றது. ப்ரிமித்திவா சக்கரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், 'ம்' வரவில்லை. வரையக் கொடுத்த கலர் பென்சிலை லிஸ்பெத் தொடவில்லை. உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊட்டினால் தின்றாள். சனிக்கிழமைக்குள் கண் இமைப்பதுகூடக் குறைந்துபோகும். திங்கட்கிழமை விடிந்ததும் தானாக எழுந்து, முகம் கழுவி, தலைபின்னி, பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒருதரம் கடைத்தெரு வம்பு பேசிக்கொண்டே அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். முன்பெல்லாம் என் வம்புக்குக் குலுங்கிச் சிரிக்கிற பிள்ளை. சட்டைக்குள் ஆள் இல்லாததுபோல் இருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"திங்கக்கெழமைகள்ல அவளை அனுப்பாதீங்கன்னு ப்ரிமித்திவாகிட்ட நான் எப்பவோ சொல்லியிருக்கணும், லாலா அக்கா. ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னு நெனைக்கிறேன். அப்புறம் வெளியில நிக்கிற வரிசையைப் பாக்கறேன். அவ பேசறதாலதான் வரவு. அவ குணமாயிட்டா வரவு நின்னுடும்," என்றாள்.

"அப்ப ஒரு பிள்ளையைக் குடுத்து மத்த பிள்ளைகளைக் காப்பாத்தறோம்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்றது? படிச்சவங்க பாஷையில ஒண்ணு இருந்தாச் சொல்லு, அதைச் சொல்றேன்."

கத்திவிட்டேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த திங்களிலிருந்து பிள்ளை அம்மாவோடு வீட்டிலேயே இருக்கட்டும், வரவு போனால் போகட்டும் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

அந்தத் திங்கட்கிழமை வரிசையில் வந்தவர்கள் பெட்டிக்கு முன்னால் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு, ஏமாந்து திரும்பினார்கள். ரொமுவால்தோ என்கிற டிரைவர், எனக்குப் பழக்கமானவன், மினிபஸ்ஸை விற்கலாமா என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "என்ன லாலா, கடையைச் சாத்திட்டாங்களா?" என்று நக்கல் அடித்தான். நான் அவனைத் திட்டி அனுப்பினேன். மனசுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் ப்ரிமித்திவா வந்தாள். கடை போடாமல் வந்திருந்தாள்.

"அக்கா, நேத்து முழுக்க அவ செவத்தைப் பாத்து உக்காந்து பேசிக்கிட்டே இருந்தா," என்றாள்.

"என்ன பேசினா?"

"யாரோ கேக்கறாப்லயும் இவ பதில் சொல்றாப்லயும். 'ஒன் புருஷன் திரும்பி வரமாட்டான்'னா. 'கல்லு கரைஞ்சிடும், பயப்படாதே'ன்னா. 'மினிபஸ்ஸை விக்காதே, எஞ்சினை மட்டும் மாத்து'ன்னா. எங்கிட்ட ஏதுக்கா மினிபஸ்ஸு?"

பிள்ளைவீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு மலைச்சரிவில் ஏறினால் அரை மணி நேரம் ஆகும். சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு நேராக ஃபோர்த்துனாத்தாவின் மண்டபத்துக்குப் போனேன்.

மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "எந்தப் பிள்ளை?" என்று கேட்டாள். என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை.

அவள் சொன்னது இதுதான். அவளுக்கு ஹெர்மீனியா என்று ஒரு தங்கை இருந்தாள். சின்ன வயதில் சந்தைக்கே கேட்கிற மாதிரிப் பாடுவாளாம். கிளெமெந்தினா வீட்டுக்கு வந்த பிறகு மெல்ல மெல்லப் பேச்சு குறைந்து, திங்கட்கிழமை மட்டும் பேசுகிறவளாக ஆனாள். சுபாவம் என்று விட்டுவிட்டார்கள். முந்தின வருடம் அவள் செத்துப்போனாள். அதற்கப்புறம் ஃபோர்த்துனாத்தாவின் பேத்தி வாய் திறப்பது குறைய ஆரம்பித்தது.

"மகன் சபைக்குப் போறதெல்லாம் நெசம்தான். ஆனா அதுக்காக நான் குடுக்கலை," என்றாள்.

"பாவி! ஒம் பேத்தியைக் காப்பாத்த எங்க பிள்ளைங்க மேல தள்ளிவிட்டியா? நீ நல்லாருப்பியா? ஒன் மண்டபத்துல எழவு விழ!"

"கத்து, நல்லாக் கத்து. பிள்ளைங்களை நானா புடுங்கினேன்? வரிசையா நின்னு நீங்களே உங்க வாயால குடுத்தீங்க. குடுக்கறப்ப எனக்கே பக்குன்னு ஆச்சு. ஆனா எம் பேத்தி அன்னிக்கு ராத்திரிதான் 'பாட்டி, பசிக்குது'ன்னா. நான் என்ன பண்ணட்டும்?"

எனக்கு அவளை அடிக்கக் கை வந்தது. அடுத்த நிமிடம், அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தோன்றிக் கை இறங்கிவிட்டது.

"திருப்பி எடுத்துக்கோ."

"எடுத்துக்கறேன். ஆனா முழுசாப் புடிச்ச வாயை, அவ கெளம்பறப்ப கூடவே கூட்டிக்கிட்டுத்தான் வருவா. எம் பேத்தியை அவ அதுக்குள்ள முழுசாப் புடிக்கலை. அந்தப் பிள்ளை பேச்சு மொத்தமாப் போயிடும்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மாத்திக்குவா. இதைவிடப் பெரிய வாய் கெடைச்சா மாத்திக்குவா."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் என்ன?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சந்தைக் கூட்டம் உச்சத்தில் இருந்த நேரம், பிள்ளைவீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். வெளியே இரைச்சல். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து அவள் பல்லிடுக்கில் செருகினேன். சந்தையில் பேரம் பேசி வளர்ந்தவள் நான். சப்பைமூக்கியானால் என்ன, பேரம் பேரம்தான்.

"இந்தா, கிளெமெந்தினா, ஒழுங்காக் கேளு," என்றேன். "அந்தப் பிள்ளைகிட்ட என்னடி இருக்கு? இந்த வயசுலயே பேச்சை நிறுத்தின குட்டி. நாலு வார்த்தை தெரியும். அதையும் நீ தின்னுட்ட. இன்னும் எத்தனை நாளைக்கு அதைச் சொரண்டுவ? இங்க பாரு, இது வாய்! அய்மாராவுல திட்டத் தெரியும், ஸ்பானியத்துல திட்டத் தெரியும். இந்த ஊர்ல எவன் எவளோட ஓடினான், எவன் எவனை ஏமாத்தினான், எல்லாம் இதுக்குள்ள இருக்கு. கேட்டுக்கோ!"

எழுந்து நின்று, பழைய நாளில் கூவுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து கூவினேன். "சேஹா, சேஹா, சேஹா! ஏறு, ஏறு, எடமிருக்கு!" கண்ணாடி அதிர்ந்தது. வெளியே யாரோ, "லாலா திரும்பவும் பஸ்ஸுக்குப் போயிட்டாளா?" என்று சிரித்தது கேட்டது.

உள்ளே சிகரெட் நுனி சிவந்தது. நான் பார்க்கப் பார்க்க அந்தச் சிவப்பு ஒரே இழுப்பில் பல்வரை ஓடியது. சாம்பல் உதிராமல் முழு நீளத்துக்கும் அப்படியே நின்றது.

பயந்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பேரத்தின் நடுவில் எழுந்து போகிறவள் இல்லை நான்.

"அவளை விட்டுடு. நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்ல ஒரு பிள்ளையையும் தொடக்கூடாது. சம்மதமா?"

சாம்பல் விழுந்தது.

மறுநாள் காலை தெருக்கோடியிலிருந்தே சத்தம் கேட்டது. ப்ரிமித்திவா மகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மகள் கையை உதறிக்கொண்டு, "மெதுவா வாம்மா! செருப்பை மாத்தி மாட்டி விட்டுட்டு ஓடுறியே, கால் வலிக்குதுல்ல!" என்று திட்டிக்கொண்டே வந்தாள். கீச்சுக் குரல், மூக்கில் பேசுகிற குரல், ஒன்பது வயதுப் பிள்ளையின் குரல். டாக்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். லிஸ்பெத் என்னிடம் வந்து, "லாலா அக்கா, எங்கம்மாவுக்கு நீங்க சொல்லுங்க," என்றாள்.

என் தங்கமே என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை.

சிரித்துச் சமாளித்து அவளைக் கட்டிக்கொண்டேன். அதற்குள் திங்கட்கிழமை வரிசை உள்ளே நுழைந்துவிட்டது. முதல் ஆள் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டுத் தன் நிலத் தகராறைப் பற்றிக் கேட்டார். என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை. அந்த வறண்ட குரல், "கெணத்துப் பக்கத்தை விட்டுக்குடு," என்றது. நான் உள்ளே எங்கேயோ இருந்து, அடுத்த அறையில் ரேடியோ பாடுகிற மாதிரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றிருந்த டாக்டர் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அதிலிருந்து நான் திங்கட்கிழமை மட்டும் பேசுகிறவள். மற்ற நாளில் இப்படி எழுதித்தான் காட்ட வேண்டும். மினிபஸ்காரர்கள் என்னைக் கண்டால் வண்டியை மெதுவாக ஓட்டி, "லாலா, ஒரு கூவு கூவு!" என்பார்கள். கையை ஆட்டிவிட்டுப் போவேன். வீட்டுக்காரர், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்போதுதான் காது ஓய்ந்திருக்கிறது என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தார். ராத்திரி என் பக்கம் திரும்பிப் படுத்து, "ஏதாவது திட்டேன்டி," என்று அழுதார். கோபம் வந்தால் என்ன செய்வது என்றுதான் எனக்கு இன்னும் பழகவில்லை. வந்த கோபமெல்லாம் உள்ளேயே கிடந்து கொதிக்கிறது.

வருத்தமா என்றால் இல்லை. லிஸ்பெத் பள்ளிக்கூடம் போகிறாள். வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று வாத்தியாரம்மா புகார் அனுப்பினாள். ப்ரிமித்திவா அதை என்னிடம் படித்துக் காட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுது தீர்த்தோம். குணமாகிவிட்டாள், இனி பிள்ளைவீட்டுக்கு வர வேண்டாம் என்று டாக்டர் லிஸ்பெத்தை அனுப்பிவைத்த நாளில் நான் என் பங்குக்குப் பட்டாசு வெடித்தேன். என் சத்தத்துக்குப் பதிலாக அதுவாவது இருக்கட்டுமே.

மூன்று மாதம் முடிந்து அதிகாரி பாஸ்கோபே கையெழுத்துப் போட வந்தார். வரவைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று திங்கட்கிழமையே வந்தார். அவர் கேட்ட இடமாற்றம் கிடைத்திருந்ததால் பூங்கொத்தோடு வந்தார். வரிசையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "எல்லாம் சரி டாக்டர். மேலிடத்துல ஒரே ஒரு கேள்வி கேக்கறாங்க. இது லாலா அக்காவை நம்பி ஓடுற வரவு. அவங்களுக்கும் வயசாகுது. அவங்களுக்கு அப்புறம்?" என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருக்கிற வரைக்கும் என்றுதானே நான் பேரம் பேசியிருந்தேன். அதற்கு மேல் யோசிக்காதவள் நான். நிதித் திட்டம் எழுதுகிறவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா? டாக்டர் உள்ளறைக் கதவைச் சாத்தப் போனாள்.

"பரவாயில்ல, நான் நேராவே கேட்டுடறேன்," என்று பாஸ்கோபே சிரித்துக்கொண்டே பெட்டிக்கு முன்னால் போனார். பூவை வைத்தார். மண்டியிட்டார். "கிளெமெந்தினா, தாயே, இவங்களுக்கு அப்புறம் இந்த வரவு நிக்குமா?"

உதட்டைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வர வர, பலங்கொண்ட மட்டும் கடித்தேன். பல் தானாக விலகியது. உள்ளறையில் பிள்ளைகள் ஏதோ விளையாட்டில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு மேலே, அந்த வறண்ட குரல் என் வாயிலிருந்து நிதானமாக வந்தது.

"கவலைப்படாதே. இந்த வீட்டுக்குப் பிள்ளைங்க வந்துக்கிட்டேதான் இருப்பாங்க."

"அப்ப நிக்கிற வரவுதான்," என்று சொல்லி, பாஸ்கோபே பேனாவைத் திறந்தார்.